மார்கழியில் கிடைத்த சாவி

ஹவுன்ஸ்லோ வீட்டுக்குத் தவநாயகி வைத்திருந்த பெயர் ‘முட்டை பொரிச்ச வீடு’. முழங்கால் உளைகிற நேரங்களிலும், குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற நேரங்களிலும் அந்தப் பெயர்தான் அவள் வாயில் வரும்.

சுவிசிலிருந்து லண்டனுக்கு வந்து அந்த வீட்டைத் திறந்தது ஆடி மாதத்தில். ஆடியில் ஆரும் குடிபோவதில்லை என்று அவள் சொல்லித்தான் பார்த்தாள். மகள் துஷ்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த அவசரத்தில் கணவர் விஜயரத்தினம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, மாதம்தான் பிழையாகிவிட்டது, முதல் நெருப்பாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று பாலும் ஒரு புதுச் சட்டியும் வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க முட்டைப் பொரியல் மணம். பசியில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகளுக்கு விஜயரத்தினம் இரண்டு முட்டையைப் பொரித்துக் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றைத் தின்றுகொண்டு நின்றார்.

“பால் காய்ச்ச முந்தி முட்டையோ?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. சண்டையைப் பன்னிரண்டு வருடத்துக்குத் தவணை முறையில் பிடித்தாள்.

விஜயரத்தினத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு மூட்டுவாதம் வந்து, கைவிரல்கள் கோணி, பிறகு முழங்கால்கள் இரண்டும் வீங்கிப்போனபோது, ‘அந்த முட்டையைப் பொரிக்காமல் விட்டிருக்கலாம்’ என்று அவருக்கும் ஒன்றிரண்டு தரம் தோன்றத்தான் செய்தது.

அந்த வீட்டில் படுக்கிற அறைகளும் கக்கூசும் மேலே. குசினியும் வாசலும் கீழே. படி ஒடுக்கம், நடுவில் ஒரு வளைவு. கவுன்சிலிலிருந்து வந்து அளந்து பார்த்தவர்கள் இந்தப் படியில் ஆளை ஏற்றி இறக்குகிற மின்சாரக் கதிரை பூட்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார்கள். முதலில் அவள் குந்தியிருந்து ஒவ்வொரு படியாக அரக்கி அரக்கி இறங்கினாள். பிறகு கோயிலுக்கு மட்டும் இறங்கினாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு மட்டும். 2009 மாசியில் லண்டனில் பனி கொட்டி, பஸ்கள் எல்லாம் நின்றுபோன அன்று, அவள் மேல் அறை யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தபடி சொன்னாள்: “எல்லாரும் இண்டைக்கு வீட்டுக்குள்ள. இண்டைக்குத்தான் எனக்கும் ஊருக்கும் ஒரு நிலை.”

விஜயரத்தினம் சிரித்தார். அதைப் பகிடியாகத்தான் சொன்னாள் என்று நினைத்தார். கீழே இறங்கிப் பனியை வழிக்கும்போதுதான் அது பகிடியில்லை என்று விளங்கியது.

பனி வழிப்பதில் அவரை வெல்ல அந்தத் தெருவில் ஆளில்லை. சுவிசில் ஒரு மலை ஊரில், பெரிய ஹொட்டேல் ஒன்றின் குசினியில் பதினாலு வருடம் வேலை செய்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, இறைச்சி வெட்டுகிற இடம் வரைக்கும் போனவர். அங்கே பனி யன்னலை மூடும். காலையில் வாசலைத் தோண்டித்தான் வெளியே வரவேண்டும். ‘உதெல்லாம் ஒரு பனியே’ என்பது லண்டனில் அவருடைய குளிர்காலப் பேச்சு.

அந்த ஹொட்டேலில் அவரோடு கோப்பை கழுவிய செபமாலைமுத்து இப்போது ஸ்கொட்லாந்தில், கிளென்டார்ரி என்ற மலை ஊரில், பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த ஒரு கடை வைத்திருந்தார். அந்த ஊருக்கு அவரும் மனைவி டொலறசும்தான் தமிழர். கதைக்க ஆளில்லாத குறையை ரெலிபோனில் தீர்ப்பார்.

“அண்ணை, எனக்குப் பக்கத்தில ஒரு வீடு விலைக்கு வருகுது,” என்றார் ஆனி மாதத்தில் ஒருநாள். “மாடி இல்லை. படி இல்லை. வாசல்ல ஒரு கல்லுக்கூட இல்லை. அக்காவை வண்டில்ல வைச்சு உருட்டிக்கொண்டு நேர குசினிக்குள்ள விடலாம்.”

“அவ என்ன மரக்கறியே, முத்து?”

“பகிடிக்குச் சொன்னனான் அண்ணை. வீடு பகிடியில்லை. வந்து பாருங்கோ.”

லண்டனில் மாடியில்லாத வீடு என்றால், கிழட்டு வெள்ளைக்காரர் ஆராவது செத்த பிறகு ஒன்று சந்தைக்கு வரும். அதையும் இடித்து மூன்று மாடி கட்டுகிறவன் வாங்கிக்கொண்டு போவான். ஊரில் தவநாயகிக்குச் சீதனமாக எழுதிய வீடு ஒன்று இருந்தது. அதற்கும் மாடி இல்லை. அங்கே நடக்கிற சண்டை முடிந்தால் போய் இருக்கலாம் என்று இருவரும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த வைகாசியில் சண்டை முடிந்த விதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை.

ஆவணியில் விஜயரத்தினம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கமராவில் எடுத்த படங்களைக் கட்டிலில் பரப்பினார். தாழ்வான சாம்பல் நிறச் சுவர், கறுப்புக் கூரை, பின்னால் ஊதா மலை.

“வாசல் எந்தப் பக்கம்?”

“கிழக்கு.”

“குசினி?”

“அதுவும் நல்ல பக்கத்திலதான் இருக்கு.”

“படி?”

“இல்லை.”

“ஒண்டும்?”

“ஒண்டும் இல்லை, தவம். ரோட்டில இருந்து உமக்குக் காலைத் தூக்கத் தேவையில்லை. முத்துவின்ரை கடைக்கு நீரே நடந்து போய்ப் பால் வாங்கலாம்.”

வாசல் படத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். கோணிய விரல்களால் அதைப் பிடிக்கச் சிரமப்பட்டாள், ஆனால் திருப்பித் தரவில்லை. அன்றிரவு அது தலையணைக்குக் கீழே இருந்தது.

மகள் துஷ்யாதான் ஹரோவிலிருந்து வந்து குதித்தாள். “அப்பா, சீரியஸா? மலைக்குள்ளயா? அம்மாவுக்கு அங்க டொக்டர் ஆர்?”

“மலையில இருக்கிற சனத்துக்கும் காய்ச்சல் வாறதுதானே பிள்ளை.”

“ஸ்னோவுக்குள்ள என்ன செய்வியள்?”

“ஸ்னோவை எனக்குப் படிப்பிக்க வாறியோ? பதினாலு வருசம் அதுக்குள்ள கிடந்தனான்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதில் ஒரு குறை இருந்தது, அவருக்கே தெரியாத குறை. அந்த ஹொட்டேலில் சூடு கீழே நிலவறையிலிருந்து வந்தது. அறைக்குள் ஒரு இரும்புத் தகடு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். கீழே எவன் நெருப்பைப் பார்த்தான், தண்ணீர் எந்த வழியால் வந்தது என்று விஜயரத்தினம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பனியின் வெளிப்பக்கம்தான் அவருக்குத் தெரியும்.

ஹவுன்ஸ்லோ வீடு விலைப்பட்டது. வாங்கியவர்கள் நல்ல சனம், தை முடியும்வரை இருங்கோ என்றார்கள். கிளென்டார்ரி வீட்டுச் சாவி கார்த்திகையில் கைக்கு வரும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கார்த்திகையில் பால் காய்ச்ச ஐயரிடம் நாளும் எடுத்து வைத்தாள் தவநாயகி. வழக்கறிஞர்மாரின் கடிதம் ஒன்று தாமதித்தது. அதற்குப் பதில் இன்னொரு கிழமை தாமதித்தது. சாவி கிடைத்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் குடிபூர ஏலாது. அதை விஜயரத்தினத்துக்கும் ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஐயர் தை மாதத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். சாவியை வாங்க மட்டும் அவர் ரெயில் ஏறினார்.

வீட்டை விற்ற கிழவி அவருக்காகக் காத்திருந்தாள். கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கடைசியாகக் குசினி மூலையில் இருந்த பொயிலருக்கு முன்னால் நின்றாள். அதன் முகத்தில் ஒரு சிறு கண்ணாடி. அதற்குள் நீலச் சுவாலை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டை ஒருநாளும் குளிர விடாதே, ஆளில்லாவிட்டாலும் இதைக் குறைத்து வைத்து எரியவிடு என்றாள். விஜயரத்தினம் தலையாட்டினார். கிழவி அவருடைய கையைப் பிடித்து மறுபடியும் சொன்னாள். மறுபடியும் தலையாட்டினார்.

அவள் போனதும் லண்டனுக்கு ரெலிபோன் எடுத்தார்.

“உள்ள நிக்கிறன், தவம். நல்ல வெக்கையா இருக்கு. கோட்டைக் கழட்டிப்போட்டன்.”

“வெக்கையோ? ஏன் வெக்கை?”

“பொயிலர் ஓடுது.”

“பொயிலரெண்டால், நெருப்பு எரியுதோ?”

விஜயரத்தினம் சுவாலையைப் பார்த்தார். “சின்னதா, கண்ணாடிக்குள்ள.”

“நூருங்கோ அதை. அணைச்சுவிடுங்கோ.”

“தவம், இது அடுப்பில்லை. சூடாக்கிற சாமான்.”

“நெருப்பெண்டால் நெருப்புத்தானே. நேற்றுவரைக்கும் அந்த மனுசியின்ரை நெருப்பு. இண்டைக்கு வீடு எங்கடை. எங்கடை வீட்டில முதல் எரியிறது பால் காய்ச்சிற நெருப்பா இருக்கவேணும். நூருங்கோ.”

“அப்ப இப்பவே ஒரு சொட்டுப் பாலைக் காய்ச்சிவிடட்டோ? முத்துவின்ரை கடை பக்கத்தில.”

“மார்கழியிலயோ? ஏனப்பா, முட்டையும் வாங்குங்கோவன் அப்ப.”

பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: “நான் உங்களிட்டை இதுவரைக்கும் என்ன கேட்டனான்? இந்த ஒண்டைத்தான் கேக்கிறன். இந்தமுறையாவது சரியாச் செய்வம். நான் அந்த வீட்டில நடந்து திரியவேணும்.”

கிழவி சொன்னதை அவர் தவநாயகியிடம் சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதம் வரும், வாக்குவாதம் வந்தால் அவள் அழுவாள். ஒரு மாதம்தானே. கையை நீட்டிப் பொயிலரின் குமிழைத் திருப்பினார். சுவாலை ஒருதரம் துள்ளிவிட்டு அடங்கியது.

“நூர்ந்துதோ?”

“ஓம்.”

வாசலில் வந்து நின்ற செபமாலைமுத்து, தாங்கள் மகளின் கலியாணத்துக்குக் கனடா போகப் போவதாகவும், தை கடைசியில்தான் திரும்புவதாகவும் சொன்னார். “வந்த உடனை கோழி அடிச்சுச் சமைக்கிறம் அண்ணை. அக்காவுக்கு மரக்கறி.”

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே குளிர் இறங்கியது. தொலைக்காட்சியில் வரைபடத்தின் மேற்பக்கம் நீலமாகவும், பிறகு கடும் ஊதாவாகவும் இருந்தது. விஜயரத்தினம் செய்திக்குப் பிறகு வருகிற வானிலையைத் தவறாமல் பார்த்தார்.

“அங்க வீடு நல்லாக் குளிருது போல.”

“ஆளில்லாத வீடுதானே. குளிர்ந்தால் ஆருக்கென்ன?” என்றாள் தவநாயகி. பால் காய்ச்சப் புதுப் பானை ஒன்றைத் துஷ்யாவைக் கொண்டு வாங்குவித்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தாள்.

போய் ஒருக்காப் பார்த்துவிட்டு வருவோமா என்று அவர் யோசித்தார். அவளை ஆர் பார்ப்பது? துஷ்யாவுக்குக் கைக்குழந்தை. கனடாவில் நிற்கிற முத்துவுக்கு ரெலிபோன் எடுக்க நினைத்து, கலியாண வீட்டுக்குள் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று தெளிவாகத் தெரியவில்லை. தெளிவாகத் தெரியாத பயத்துக்கு ஒரு மனிதன் எழும்பிப் போய் ரெயில் ஏறுவதில்லை.

தை பிறந்து குளிர் கொஞ்சம் இளகியது. மருமகன் றஜீவன் ஒரு பெரிய வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். கட்டில், சாமிப் படங்கள், சட்டி முட்டி எல்லாம் பின்னால் ஏறின. தவநாயகி கடைசித் தடவையாக அந்தப் படிகளில் குந்திக் குந்தி இறங்கினாள். கீழே வந்ததும் திரும்பிப் பார்த்து, “போய்த் துலை,” என்றாள் படியைப் பார்த்து. றஜீவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

வழியில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டு மலைக்குள் ஏறினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. புதுப் பானை தவநாயகியின் மடியில். காலுக்கிடையில் பால் பெட்டி. ஐயர் குறித்த நேரத்துக்கு முன்னரே வீட்டுக்கு முன்னால் வான் நின்றது.

விஜயரத்தினம் இறங்கிக் கதவடிக்குப் போனார். வாசலுக்குக் கீழேயிருந்து தகடாக ஒரு பனிக்கட்டி வெளியே வழிந்து, நடைபாதையில் உறைந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வான் யன்னலுக்குள்ளால் தவநாயகியின் குரல் வந்தது. “இஞ்சேருங்கோ, தண்ணிச் சத்தமெல்லோ கேக்குது? ஆர் பைப்பைத் திறந்துவிட்டது?”

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. றஜீவன் தோளால் இடித்தான். உள்ளே நனைந்த சீமெந்து மணம். முன்னறைச் சீலிங் முழுவதும் சேறாகி நிலத்தில் கிடந்தது. மேலே, குளிரில் உள்ளே உறைந்து வெடித்த குழாயிலிருந்து தண்ணீர் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், ஓரங்களில் பனிக்கட்டி. சுவர் அலுமாரிகள் வீங்கி வாய் பிளந்து நின்றன. பொயிலரின் கண்ணாடி வெடித்திருந்தது.

“மாமா, உள்ள போகாதேங்கோ. கரண்ட் இருக்கும்,” என்றான் றஜீவன்.

திரும்பிப் பார்த்தபோது தவநாயகி வந்துகொண்டிருந்தாள். வோக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒருவரும் தாங்காமல், வானிலிருந்து வாசல்வரைக்கும் நடந்து வந்தாள். முத்து சொன்னது சரி. ஒரு கல்லுக்கூட அவளைத் தடுக்கவில்லை. உறைந்த தகட்டுக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“நேரம் போகுது,” என்றாள்.

“இதுக்குள்ள எங்க தவம் காய்ச்சிறது?”

அவள் வோக்கரைத் திருப்ப இடம் போதாமல் சிரமப்பட்டாள். விஜயரத்தினம் பிடித்துத் திருப்பிவிட்டார்.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து தெருக்குழாயை மூடித் தண்ணீரை நிறுத்தினார். கூரை மரங்களும் தண்ணீர் குடித்துவிட்டன, இதை உள்ளுக்குள் முழுக்க உரித்துப் புதிதாகச் செய்யவேண்டும் என்றார். மூவரும் வானுக்குள் ஏறினார்கள். றஜீவன் வீட்டைக் காப்புறுதி செய்த கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். இடையில் ரெலிபோன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

“மாமா, ஹீற்றிங் போட்டிருந்ததோ எண்டு கேக்கினம். இல்லாட்டி ஒண்டும் தர மாட்டினமாம். ஓம் எண்டு சொல்லட்டோ?”

விஜயரத்தினம் வாயைத் திறந்தார். பின் இருக்கையிலிருந்து தவநாயகி முந்திக்கொண்டாள்.

“இல்லையெண்டு சொல்லுங்கோ தம்பி. நான்தான் நூரச் சொன்னனான்.”

“மாமி, கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

“பொயிலர் நூர்ந்துதான் கிடக்கு. வந்து பாக்க மாட்டினமே?”

“நூர்த்தது நான்,” என்றார் விஜயரத்தினம். “எரியவிடச் சொல்லி அந்த மனுசி எனக்கு ரெண்டுதரம் சொன்னவ.”

தவநாயகி முன்னால் குனிந்து அவருடைய முகத்தைப் பார்க்க முயன்றாள். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

றஜீவன் ரெலிபோனில் உண்மையைச் சொல்லி முடித்து, வானை எடுத்தான்.

லண்டன் வந்து சேரும்வரைக்கும் ஒருவரும் சாப்பாட்டுக் கதைக்கு மேல் கதைக்கவில்லை. ஹவுன்ஸ்லோ வீடு இனி அவர்களுடையதில்லை. ஹரோவில் மகளின் வீட்டு வாசலில் வான் நின்றது. அதுவும் எல்லா வீட்டையும் போல ஒரு வீடு: கீழே குசினி, மேலே அறைகளும் கக்கூசும். துஷ்யா அழுதுவிட்டு மேலே சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தாள். தவநாயகி கீழ்ப் படியில் குந்தியிருந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். விஜயரத்தினம் மேலே நின்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். இறங்குகிறதைவிட ஏறுகிறது கஷ்டம். நடுவில் களைத்து இருந்தாள்.

“ஆறுதலா இழுங்கோ,” என்றாள். “அவசரமொண்டும் இல்லை.”

கொண்டுபோன பாலை அடுத்த நாள் துஷ்யா தேத்தண்ணிக்கு எடுத்தாள். புதுப் பானை குழந்தையின் போத்தல்கள் அவிக்கப் பயன்பட்டது. கனடாவிலிருந்து வந்த முத்து ரெலிபோன் எடுத்து அழுதார். பிறகு, உள்ளதை உள்ளபடி வாங்க ஒருவன் கேட்கிறான், விலை சொல்ல வெட்கமாயிருக்கு அண்ணை என்றார். “குடுத்துவிடு,” என்றார் விஜயரத்தினம்.

முட்டையைப்பற்றித் தவநாயகி பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. அவளுடைய வாயிலிருந்து அது இல்லாமல் போனது அவருக்கு ஒரு பல் விழுந்தது போல இருந்தது. இப்போது வேறு ஒன்று பழக்கமாகிவிட்டது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அவள் கட்டிலிலிருந்து கூப்பிடுவாள்.

“இஞ்சேருங்கோ, அந்த ஹீற்றர் சுடுதோ எண்டு பாருங்கோ.”

அறைக்குள் வெக்கை தாங்க ஏலாமல் இருக்கும். ஆனாலும் விஜயரத்தினம் எழும்பிப் போவார். யன்னலுக்குக் கீழே குனிந்து, அந்த இரும்பில் உள்ளங்கையை வைப்பார்.

“சுடுது.”

“வடிவா வைச்சுப் பாருங்கோ.”

அவர் கையை எடுக்காமல் வைத்திருப்பார், அவள் போதும் என்று சொல்லும்வரைக்கும்.